கதவில்லாத சந்நிதி

சென்னையிலிருந்து வடக்கே, கல்கத்தா நெடுஞ்சாலையில் சுமார் 80 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சூளூர்பேட்டை. நெல்லூர் மாவட்டத்தில் இருந்த இவ்வூர், 2022-ஆம் ஆண்டு முதல் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளத்திற்குச் செல்பவர்கள் இவ்வூரைக் கடந்தே செல்ல வேண்டும். விண்கலம் ஏவப்படுவதற்கு முன் விஞ்ஞானிகள் வந்து வணங்கிச் செல்லும் செங்காளம்மன் திருக்கோயில் இங்குதான், காளங்கி ஆற்றங்கரையில் அமைந்துள்ளது.

இந்த அன்னையின் சந்நிதிக்கு ஒரு சிறப்பு உண்டு. அதற்குக் கதவு கிடையாது. இரவும் பகலும் அது திறந்தே இருக்கிறது. முன்பு கதவு அமைக்க முயன்றபோது அன்னை அதனை விரும்பவில்லை என்பது ஊர் மரபு.

அந்தச் சந்நிதியைத் தரிசித்துவிட்டு, அன்பர் ஒருவரின் இல்லத்தில் நடந்த பஜனையில் கலந்துகொண்டேன். பிரசாதம் வழங்கி முடிந்த பின் எல்லோரும் கலைந்தனர். ஒரு பெரியவர் மட்டும் தயங்கி நின்றார். ஓய்வுபெற்ற ஆசிரியர். அவருடைய மகன் வெளியூரில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தான். தேர்வுக் காலத்தில் தூக்கம் வராமலிருக்க நண்பர்கள் கொடுத்த மாத்திரையை உட்கொள்ளத் தொடங்கி, பின்னர் அதிலிருந்து மீள முடியாமல் படிப்பை விட்டுவிட்டு வீட்டிற்குத் திரும்பியிருந்தான்.

"ஐயா, ஒன்று கேட்க வேண்டும். டாக்டர் இது மூளையில் ஏற்பட்ட நோய் என்கிறார். என் தம்பி இது திமிர் என்கிறான். என் மகன் நோயாளியா, குற்றவாளியா? அவனிடம் நான் கோபப்படுவதா, அழுவதா?"

அப்போது அவருக்கு ஆறுதலாக ஏதோ கூறினேன். ஆனால் அந்தக் கேள்விக்கு அது விடையாகவில்லை என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அந்த விடையைத் தேடும் முயற்சியே இக்கட்டுரை.

சர்ப்பகந்தி காட்டிய வழி

மனத்தின் நிலைகளுக்கும் உடலின் இரசாயனங்களுக்கும் உள்ள தொடர்பை நவீன விஞ்ஞானம் கண்டறிந்ததில் நம் நாட்டு மூலிகை ஒன்றுக்குப் பெரும் பங்கு உண்டு. அதுவே சர்ப்பகந்தி. சித்தப்பிரமைக்கும் தூக்கமின்மைக்கும் அதன் வேரை நம் வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கொடுத்து வந்தனர். 1931-இல் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் என்னும் இரு வங்காள மருத்துவர்கள், இரத்த அழுத்தத்தையும் மனக் கொந்தளிப்பையும் அது தணிப்பதை எழுதி வெளியிட்டனர். 1949-இல் மும்பையைச் சேர்ந்த மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல், பிரிட்டிஷ் இதய மருத்துவ இதழில் தம் அனுபவங்களை எழுதியபோது உலகின் கவனம் இந்த வேரின்மீது திரும்பியது. 1952-இல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தார் அதன் சாரத்தைப் பிரித்தெடுத்து 'ரிசர்பின்' என்று பெயரிட்டனர்.

அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், 1948-இல், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் இரத்தத்திலிருந்து ஒரு பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. அதுவே 'செரோட்டோனின்'. 1955-இல் பெர்னார்டு பிராடியும் அவருடன் பணியாற்றியவர்களும், ரிசர்பின் கொடுக்கப்பட்ட விலங்குகளின் மூளையில் செரோட்டோனின் வற்றிவிடுவதைக் கண்டனர். சிறிது காலத்தில் ஸ்வீடனைச் சேர்ந்த ஆர்விட் கார்ல்சன், அதே மருந்தினால் 'டோபமின்' என்னும் மற்றொரு பொருளும் வற்றுவதைக் காட்டினார். ரிசர்பினால் அசைவற்றுக் கிடந்த முயல்கள், டோபமினுக்கு மூலமான பொருளைக் கொடுத்ததும் எழுந்து நடமாடின. இந்த வழியில் அவர் செய்த ஆராய்ச்சிக்காக 2000-ஆம் ஆண்டில் அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

ஒரு வேரின் சாறு உள்ளே சென்றதும் கொந்தளித்த மனம் அடங்குகிறது. வேறொரு பொருள் சென்றதும் அடங்கிக் கிடந்த உடல் துள்ளி எழுகிறது. அப்படியானால் 'நான்' என்று நாம் பெருமையோடு கூறிக்கொள்ளும் மனமும் அதன் உறுதியும் சில துளி இரசாயனம்தானா? அந்தத் தந்தையின் கேள்விக்கு அடியில் ஒளிந்திருப்பது இந்தக் கேள்விதான். அச்சம் கொள்ளாமல் இதனை நேருக்கு நேர் பார்ப்போம்.

மருந்து ஒன்று, விளைவு பல

கொகேய்ன், ஆம்பெட்டமின் போன்றவற்றைக் கிளர்ச்சியூட்டிகள் என்கிறோம். மூளையின் நரம்புகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு டோபமின், செரோட்டோனின் போன்ற பொருள்களைச் சிறிதளவு வெளிவிடுகின்றன. செய்தி போய்ச் சேர்ந்ததும் அப்பொருளைத் திரும்ப உள்ளே எடுத்துக்கொள்ளச் சில புரதங்கள் உள்ளன. கொகேய்ன் அந்தப் புரதங்களை அடைத்துவிடுகிறது. ஆம்பெட்டமின் இன்னும் ஒருபடி மேலே சென்று, உள்ளிருப்பதையும் வெளியே தள்ளிவிடுகிறது. செய்தி ஓயாமல் ஒலிக்கிறது. களைப்பு மறைகிறது, உற்சாகம் பொங்குகிறது, தன்னால் முடியாதது எதுவுமில்லை என்ற எண்ணம் எழுகிறது. 1887-இல் முதன்முதலாக உருவாக்கப்பட்ட ஆம்பெட்டமின், இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களின் உறக்கத்தை விரட்டக் கொடுக்கப்பட்டது இதனால்தான். தேர்வுக்குப் படித்த அந்த இளைஞன் தேடியதும் இதே உறக்கமின்மையைத்தான்.

ஆனால் கதை இத்துடன் முடிவதில்லை. வெளிவந்த பொருள் தானாக எதையும் செய்துவிட முடியாது. அதனை ஏற்றுக்கொள்ள அடுத்த நரம்பில் 'ஏற்பி'கள் இருக்க வேண்டும். பூட்டில் பொருந்தினால்தான் சாவி சாவியாகிறது. இல்லையேல் அது வெறும் இரும்புத் துண்டு. செரோட்டோனினுக்கு மட்டும் ஏழு குடும்பங்களைச் சேர்ந்த குறைந்தது 14 வகை ஏற்பிகள் இருப்பது கண்டறியப்பட்டுள்ளது. ஒரே செரோட்டோனின், ஓர் ஏற்பியின் வழியே சென்றால் கிளர்ச்சியைத் தூண்டுகிறது. வேறோர் ஏற்பியின் வழியே சென்றால் அதே கிளர்ச்சிக்குக் கடிவாளம் இடுகிறது. '2ஏ' எனப்படும் ஏற்பியை அடைத்தால் ஆம்பெட்டமினால் எலிகளுக்கு உண்டாகும் ஓட்டமும் பரபரப்பும் குறைகின்றன. '2சி' என்னும் ஏற்பியைத் தூண்டினால் டோபமின் வெள்ளம் மட்டுப்பட்டு, எலிகள் கொகேய்னை நாடுவது குறைகிறது. அதனை அடைத்தாலோ மருந்தின் வேகம் கூடுகிறது. '1பி' என்னும் ஏற்பி இல்லாமல் பிறக்கும்படி செய்யப்பட்ட சுண்டெலிகள், கொகேய்னைப் பெற மற்ற எலிகளைவிடக் கூடுதலாக உழைத்ததை 1998-இல் ஆராய்ச்சியாளர்கள் வெளியிட்டனர்.

அதே ஆண்டில் மற்றொரு வியப்பும் வெளிவந்தது. கொகேய்னின் இன்பத்திற்கு டோபமினே காரணம் என்று கருதப்பட்டு வந்தது. எனவே டோபமினைத் திரும்ப எடுக்கும் புரதமே இல்லாத சுண்டெலிகளுக்குக் கொகேய்னில் நாட்டம் இராது என்று எதிர்பார்த்தனர். ஆனால் அவையும் அதனைத் தேடிச் சென்றன. செரோட்டோனினைத் திரும்ப எடுக்கும் புரதத்தையும் சேர்த்து நீக்கிய பின்னரே அந்த நாட்டம் மறைந்தது என்பது 2001-இல் தெரியவந்தது. ஒரு வாயிலை அடைத்தால் ஆசை வேறொரு வாயிலைத் தேடிக்கொள்கிறது! இந்திரிய நிக்ரகத்தில் ஈடுபட்டுள்ள சாதகர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல.

1999-இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் மார்க் கேரனின் ஆய்வுக்கூடத்தில் கண்டது இன்னும் விந்தையானது. டோபமின் மீட்புப் புரதம் இல்லாத சுண்டெலிகள் புதிய இடத்தில் விடப்பட்டால் நிலைகொள்ளாமல் ஓடித் திரியும். அவற்றுக்குக் கிளர்ச்சியூட்டும் மருந்தையே கொடுத்தார்கள். மேலும் வெறிகொண்டு ஓடியிருக்க வேண்டிய அவை அமைதியடைந்தன. மற்ற எலிகளை ஓடவைக்கும் மருந்து, இவற்றை அமரவைத்தது. காரணத்தை ஆராய்ந்தபோது, அந்த அமைதி செரோட்டோனின் வழியே வருவதற்கான சான்றுகள் கிடைத்தன. மனம் ஒருநிலைப்படாத குழந்தைகளுக்கு மருத்துவர்கள் இவ்வகை மருந்தை அளவோடு கொடுத்து அமைதிப்படுத்துவதன் மர்மத்தைப் புரிந்துகொள்ள அந்த ஆய்வு ஒரு வழியைக் காட்டியது.

எலி வேறு, மனிதன் வேறு. எலியிடம் கண்டதையெல்லாம் மனிதன்மேல் ஏற்றிச் சொல்வது தவறு. எனினும் ஒன்று தெளிவாகிறது. மருந்து தன் விளைவைத் தானே சுமந்து வருவதில்லை. அதனை ஏற்கும் பாத்திரத்தைப் பொறுத்தே விளைவு அமைகிறது. ஒரே விடுதியில் ஒரே மாத்திரையை உட்கொண்ட நால்வரில் ஒருவன் மறுநாளே அதனை மறந்துவிடுகிறான். மற்றொருவன் வாழ்வையே அதற்குப் பலியாக்கிவிடுகிறான். தப்பித்தவன் தன்னை உத்தமன் என்று எண்ணிக்கொள்ள வேண்டியதில்லை. அவன் பிறந்தபோதே பெற்ற உடலமைப்பும் அவனுக்குக் கைகொடுத்திருக்கலாம். வீழ்ந்தவனை இகழும் முன் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ரிஷிகள் மறுக்காத உண்மை

'எல்லாம் இரசாயனம்' என்று கேட்டவுடன் ஆன்மிக நாட்டமுள்ள சிலர் கலங்குகின்றனர். வேறு சிலர் விஞ்ஞானத்தின்மீது கோபம் கொள்கின்றனர். இரண்டும் தேவையற்றவை. மனம் ஜடப்பொருளுக்குக் கட்டுப்பட்டது என்பதை நம் ரிஷிகள் ஒருபோதும் மறுத்ததில்லை.

சாந்தோக்கிய உபநிஷதத்தில் உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு மனம் அன்னத்தினால் ஆனது என்பதைப் போதிக்கிறார். சொல்லி விளக்கியதோடு நிற்காமல் ஒரு சோதனையும் செய்கிறார். 15 நாட்கள் உணவு இல்லாமல் நீரை மட்டும் பருகி இருக்கும்படி மகனிடம் கூறுகிறார். பின்னர் வேதத்தை ஓதச் சொன்னபோது, 12 ஆண்டுகள் குருகுலத்தில் கற்ற வேதம் அவனுக்கு நினைவுக்கு வரவில்லை. பெருந்தீ அணைந்து மின்மினியளவு கனல் மட்டும் எஞ்சியது போன்றது அவனது நிலை. உணவு உண்டதும் எல்லாம் நினைவுக்குத் திரும்பின. தந்தை அவனைச் சோம்பேறி என்று திட்டவில்லை. இந்த உண்மையை அவன் தன் உடலிலேயே கண்டு உணர வேண்டும் என்பதே அவர் விருப்பம்.

மூளையில் உள்ள பொருள்களின் ஏற்றத்தாழ்வுக்கேற்ப மனம் மாறுவதை ஆய்வுக்கூடத்தில் காணும்போது, வேதாந்தி வியப்படைய வேண்டியதில்லை. மனமும் க்ஷேத்திரத்தின் ஒரு பகுதியே என்பது கீதையின் பதின்மூன்றாம் அத்தியாயத்தின் போதனை. விருப்பும் வெறுப்பும் இன்பமும் துன்பமும் அந்த வயலில் விளைபவை. வயலில் எந்த மண் இருக்கிறது, எந்த உரம் எந்தப் பயிரை வளர்க்கும் என்பதை விஞ்ஞானம் இன்னும் நுட்பமாக ஆராயட்டும். வயலை அறிபவனான க்ஷேத்திரஜ்ஞனை அந்த ஆராய்ச்சி தொடுவதில்லை. 'எனக்கு இந்தப் பொருளின்மீது தீராத வேட்கை எழுகிறது' என்று ஒருவன் கூறும்போதே, வேட்கை ஒன்றாகவும் அதனை அறிபவன் வேறாகவும் நிற்பதைக் காணலாம். மீட்சிக்கான இடைவெளி அங்கேதான் இருக்கிறது. போதையின் பிடியில் அந்த இடைவெளி மிகவும் சுருங்கிவிடலாம். ஆனால் அது அடியோடு மறைந்துபோவதில்லை.

பொறுப்பு எங்கே இருக்கிறது?

இனி, நோயாளியா குற்றவாளியா என்ற கேள்விக்கு வருவோம்.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், இந்திரியங்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. குதிரை முரட்டுக் குதிரையாகப் பிறந்திருந்தால் அது சாரதியின் குற்றமல்ல. வெறி பிடித்து ஓடுகின்ற அந்தக் கணத்தில் அவன் கடிவாளத்தை இழுத்தும் பயனில்லாமல் போகலாம். ஆனால் குதிரைக்கு நாள்தோறும் எதைத் தின்னக் கொடுத்தான், எந்தப் பாதையில் ஓட்டினான், எவருடைய தேர்களுடன் பந்தயம் விட்டான் என்பவற்றுக்கு அவன் பொறுப்பானவன். ஆகவே பொறுப்பை வீழ்ச்சியின் கணத்தில் மட்டும் தேடக் கூடாது. அதற்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களில் தேட வேண்டும்.

முதல் மாத்திரையை வாயிலிட்ட கையில் சுதந்திரம் நிறைய இருந்தது. நூறாவது மாத்திரையை எடுத்த கையில் அது சிறிதளவே இருந்தது. இவ்விரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நியாயமாகாது. சுதந்திரம் குறையக் குறையப் பழியும் குறைகிறது. ஆனால் ஒன்று குறைவதில்லை. எஞ்சியுள்ள சிறு சுதந்திரத்தைக் கொண்டு உதவியை நாட வேண்டும் என்ற கடமை. நீந்தத் தெரியாதவன் ஆற்றில் விழுந்தால் நீந்தவில்லையே என்று அவனை எவரும் குறை கூறமாட்டார்கள். எறியப்பட்ட கயிற்றைப் பற்றிக்கொள்ளும்படி மட்டும் கேட்பார்கள்.

நம் நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே நோக்குடன் இருப்பதை அறிந்து வியந்தேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கடுமையானது. ஆயினும் அதன் 64ஏ பிரிவு, போதைப்பொருளைப் பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிதளவு வைத்திருந்த குற்றத்துக்கோ ஆளான அடிமைப்பட்டவர் தாமாக முன்வந்து சிகிச்சை பெற்றால், அக்குற்றத்திற்காக அவர்மீது வழக்கு நடத்தப்படுவதிலிருந்து பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையை முழுமையாகப் பெறாவிட்டால் அந்தப் பாதுகாப்பு நீக்கப்படலாம். தண்டனையின் வாயிலருகே சட்டமே ஒரு கயிற்றையும் தொங்கவிட்டிருக்கிறது.

திருவள்ளுவர் அதிகாரங்களை அமைத்துள்ள வரிசையும் சிந்திக்கத்தக்கது. கள்ளுண்ணாமை 93-ஆவது அதிகாரம், சூது 94-ஆவது, மருந்து 95-ஆவது. போதையையும் சூதாட்டத்தையும் அடுத்தடுத்து வைத்தார். இவ்விரண்டும் மூளையில் ஏறத்தாழ ஒரே பாதையில் பயணம் செய்பவை என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அவற்றைக் கடிந்துரைத்த உடனே அவர் எடுத்துக்கொண்ட பொருள் மருந்து. கண்டிப்பவரின் மறு கையில் மருந்தும் இருக்க வேண்டும் என்று நாம் இதிலிருந்து பொருள் கொண்டால் அது தவறாகாது என்று எண்ணுகிறேன்.

சேர்க்கையின் வலிமை

பாத்திரத்தைப் பொறுத்தே விளைவு என்றால், பாத்திரத்தை மாற்ற முடியுமா? பிறவியில் வந்ததே முடிவு என்றால் சாதனைக்கு இடமில்லாமல் போகும். இங்கும் விஞ்ஞானம் நமக்கு நம்பிக்கையே அளிக்கிறது.

பாலைவன வெட்டுக்கிளி தனித்து வாழும்போது சாது. மற்றவற்றைக் கண்டால் விலகிச் செல்லும். கூட்டத்தில் நெருக்கப்பட்டு, பின்னங்கால்கள் ஒன்றோடொன்று உரசத் தொடங்கினால், இரண்டு மணி நேரத்திற்குள் அதன் குணமே மாறிவிடுகிறது. கூட்டத்தைத் தேடிச் சேர்கிறது. பயிர்களை அழிக்கும் படையின் ஓர் அங்கமாகிறது. 2020-இல் இராஜஸ்தானத்தின் வயல்களைத் தாக்கியது அத்தகைய படையே. அந்த மாற்றத்தைத் தொடங்கி வைப்பது செரோட்டோனின் என்று 2009-இல் பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் காட்டினர். செரோட்டோனினின் ஏற்பிகளை அடைத்துவிட்டால், கூட்டத்தில் இருந்தும் வெட்டுக்கிளி மாறவில்லை. சேர்க்கை மனத்தை மாற்றும் என்று நம் பெரியோர் கூறியது வெறும் உபதேசமல்ல. அது உடலுக்குள் இறங்கி வேலை செய்கிறது.

2002-இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு குரங்குகளைப் பற்றியது. முதலில் தனித்தனிக் கூண்டுகளில் இருந்தபோது அவற்றின் மூளைகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பின்னர் நான்கு நான்காகச் சேர்ந்து வாழ விட்டனர். சில மாதங்களில், கூட்டத்தில் மதிப்புப் பெற்ற குரங்குகளின் மூளையில் ஒருவகை டோபமின் ஏற்பி கூடுதலாகச் செயல்படுவது தெரிந்தது. அவை கொகேய்னை அவ்வளவாக நாடவில்லை. ஒடுக்கப்பட்டு அஞ்சி வாழ்ந்த குரங்குகளே அதனை நாடின. இங்கே பேசப்படுவது டோபமின் ஏற்பியே அன்றி செரோட்டோனின் ஏற்பி அல்ல. ஆயினும் அதன் பொருள் ஆழ்ந்தது. எத்தகைய வாழ்க்கை வாழ்கிறோமோ, அதற்கேற்ப ஏற்பிகளும் மாறுகின்றன. அவமானத்தில் தள்ளப்பட்டவனை மேலும் அவமானப்படுத்துவது நல்வழிக்குத் திருப்பும் முறையாகாது. நாம் இடும் வசைமொழி அவனுடைய அடுத்த வேட்கைக்கு எரிபொருளாகிவிடக் கூடும்.

குருதேவர் ஸ்ரீராமகிருஷ்ணர் கூறிய மயில் கதையை அன்பர்கள் அறிவார்கள். ஒரு மயிலுக்கு மாலை நான்கு மணிக்குச் சிறிது அபின் கொடுக்கப்பட்டது. மறுநாள் சரியாக அதே நேரத்திற்கு அது வந்து நின்றது. தம்மிடம் மீண்டும் வந்த 'ம' என்னும் மகேந்திரநாத குப்தரைக் கண்டு மகிழ்ந்து அவர் இதனைக் கூறினார். தாழ்த்துகின்ற பழக்கத்தின் இலக்கணத்தையே, உயர்த்துகின்ற பழக்கத்திற்கும் அவர் உவமையாக்கினார். ஒரு சுவையைப் பெற்ற மனம் மீண்டும் அதையே நாடும் என்பது மனத்தின் இயல்பு. அந்த இயல்பு தீயதல்ல. அது எதனைச் சுவைக்கிறது என்பதே கேள்வி. மதுவில் மூழ்கியிருந்த கிரீஷ் சந்திர கோஷை அவர் விரட்டவில்லை. அருகில் இருக்க அனுமதித்தார். அந்த அருகாமையே நாளடைவில் கிரீஷை மாற்றியது.

காலையில் காப்பி கிடைக்கச் சிறிது தாமதமானால் நம்மில் எத்தனை பேர் வீட்டிலுள்ளவர்கள்மேல் எரிந்து விழுகிறோம்! காப்பியிலுள்ள காஃபீனும் மூளையில் வேறொரு வகை ஏற்பியில் அமர்ந்து களைப்பை மறைக்கும் ஒரு கிளர்ச்சியூட்டியே. அதன் தீமை மிகச் சிறிது என்பது உண்மை. ஆனால் அந்த எரிச்சலின் நேரத்தில் நம் உள்ளத்தைக் கவனித்தால், அடிமைப்பட்டவனின் தவிப்பில் ஒரு துளி எப்படி இருக்கும் என்பது நமக்குப் புரியும். புரிந்த பின் இகழ மனம் வராது.

அந்தத் தந்தைக்கு

சில வாரங்கள் கழித்து அப்பெரியவரின் இல்லத்திற்குச் சென்றேன். மகன் திண்ணையில் அமர்ந்திருந்தான். நெடுநேரம் மௌனமாக இருந்தவன், தானாகவே பேசினான்.

"முதல்ல படிக்கத்தான் போட்டுக்கிட்டேன், மாமா. அப்புறம் அது இல்லாம புத்தகத்தைத் திறக்கவே முடியலை. அப்பா முகத்தைப் பார்க்க முடியலை. பார்க்க முடியாததாலயே இன்னொண்ணு போட்டுக்குவேன்."

இந்த நான்கு வாக்கியங்களில், மேலே நான் எழுதியவை அனைத்தும் அடங்கிவிடுகின்றன. முதல் வாக்கியத்தில் அவனுடைய தவறு இருக்கிறது. இரண்டாவதில் நோய் இருக்கிறது. மூன்றாவதும் நான்காவதும், சுற்றியிருக்கும் நமக்கு உரியவை.

தந்தையிடம் நான் கூறியதை இங்கும் எழுதுகிறேன். முதலாவது, அவனை மனநல மருத்துவரின் பொறுப்பில் விட வேண்டும். கிளர்ச்சியூட்டிகளை நிறுத்திய நாட்களில் கடுஞ்சோர்வும் மனத்தளர்வும் பலருக்கு வருகின்றன. சிலருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் எழலாம். 'மனவுறுதி இருந்தால் போதும்' என்று சொல்லி அவனைத் தனியே விடுவது ஆபத்தானது. இரண்டாவது, மாத்திரையால் வந்த தீமையை மற்றொரு மாத்திரை முற்றிலும் தீர்த்துவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. ஏற்பிகளைப் பற்றி இவ்வளவு அறிந்த பின்னரும், கிளர்ச்சியூட்டிகளுக்கு அடிமையாவதைத் தீர்க்கவென்றே அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்ற மருந்து எதுவும் இதுவரை இல்லை. ஆலோசனையும், ஒவ்வொரு நல்ல அடியையும் பாராட்டி ஊக்குவிக்கும் சிகிச்சை முறையுமே இன்று கைகொடுப்பவை. 1980-இல் சென்னையில், கணவரை மதுப்பழக்கத்திற்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் அம்மையார் நிறுவிய மருத்துவமனை, அடிமைப்பட்டவருடன் குடும்பத்தாருக்கும் சேர்த்தே சிகிச்சை அளித்து வந்திருப்பதன் காரணமும் இதுதான். மூன்றாவது, வீட்டில் நாள்தோறும் ஒரே நேரத்தில் விளக்கேற்றி, அவனையும் அருகில் அமர்த்திக்கொண்டு சிறிது நேரம் நாமஜபம் செய்யலாம். அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம். மயில் தானாக வரும்.

"அப்படியானால் நான் கோபப்படவே கூடாதா, ஐயா?" என்று அவர் கேட்டார்.

"கோபம் அந்த மாத்திரையின்மேல் இருக்கட்டும். அதைக் கொண்டுவந்து விற்பவர்களின்மேல் இருக்கட்டும். மகனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: 'இன்று மருத்துவரிடம் போகலாமா?' அதை மட்டும் அவன் மறுக்க இடம் கொடுக்காதீர்கள்."

அவர் தலையசைத்தார். அவருக்கு என் விடை போதுமானதாக இருந்ததா என்று தெரியாது. ஆனால் மறுநாள் காலை சென்னை செல்லும் மின்தொடர் வண்டியில் தந்தையும் மகனும் ஒரே இருக்கையில் அமர்ந்து சென்றார்கள் என்று அன்பர் ஒருவர் எனக்குத் தொலைபேசியில் கூறினார்.

ஒன்பது வாயில்கள் உடைய ஊர் என்று இந்த உடலைப் பெரியோர் கூறினர். அதற்குள் கண்ணுக்குத் தெரியாத கோடானுகோடி நுண்வாயில்கள் இருப்பதை இன்று அறிகிறோம். அவை அனைத்தையும் இழுத்துப் பூட்டிவிட எவராலும் இயலாது. பூட்டிவிட்டால் வாழவும் இயலாது. செங்காளம்மன் சந்நிதிக்குக் கதவில்லை என்பதால் அங்கே காவல் இல்லை என்று பொருளல்ல. உள்ளே அன்னை உறங்காமல் இருக்கிறாள் என்ற நம்பிக்கையில்தான் ஊர் மக்கள் அதனைத் திறந்து வைத்திருக்கிறார்கள். உள்ளே விழிப்பு உள்ள இடத்தில் வாயில் திறந்திருப்பதால் கேடில்லை. அந்த விழிப்பு நம் பிள்ளைகளிடம் சற்றே கண்ணயரும்போது, அவர்கள் விழித்தெழும்வரை அவர்களுக்காக நாம் விழித்திருப்போம்.